காணாமல் போன மகள்களும் மாணவர் அரங்கும்: தமிழ் நாடக வரலாற்றில் ஒரு தடம்

முன்னுரை

ஒரு பெண் காணாமல் போனால் அவளை யார் தேடுகிறார்கள், எத்தனை நாள் தேடுகிறார்கள் என்பது பெரும்பாலும் அவள் பிறந்த இனத்தையும் சாதியையும் பொறுத்தது. அமெரிக்காவில் வெள்ளையினப் பெண் ஒருத்தி மறைந்தால் ஊடகங்களுக்கு வரும் பதற்றம், கறுப்பினப் பெண் மறையும்போது வருவதில்லை. இதைக் கறுப்பினச் செய்தியாளர் க்வென் ஐஃபில் 2004இல் வெளிப்படையாகச் சுட்டினார். 2008இல் காணாமல் போன கறுப்பினத்தவருக்கென்றே 'பிளாக் அண்ட் மிஸ்ஸிங் ஃபவுண்டேஷன்' தொடங்கப்பட்டது. காவல்துறை வன்முறையில் இறந்த கறுப்பினப் பெண்களின் பெயர்களை உரக்கச் சொல்லும் 'சே ஹெர் நேம்' இயக்கம் 2014 டிசம்பரில் எழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நைஜீரியாவின் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகள் கடத்தப்பட்டனர். அவர்கள் கதையை நாடகக்காரர் வோலே ஓகுன்டோகுன் மேடைக்குக் கொண்டுவந்தார்.

தமிழ் நிலத்திலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. இங்கே பெண்கள் இரு வகையில் காணாமல் போயினர். ஈழத்தில், பேசத் தெரிந்த பெண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். தமிழகத்தில், பேசத் தொடங்கும் முன்பே பெண் சிசுக்கள் கொல்லப்பட்டன. முதல் வகையில் இருந்த குரல் பறிபோனது. இரண்டாம் வகையில் குரலே உருவாகவில்லை. இவ்விரு இழப்புகளையும் மாணவர் அரங்கும் அதைச் சார்ந்த பெண்ணிய அரங்கும் எப்படிக் கையாண்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அரங்கம் தொடர்ச்சியான ஓர் அமைப்புடன் சேர்ந்த இடங்களில்தான் காணாமல் போனவள் பொதுக் கேள்வியாக மாறினாள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. கூத்தின் சபையில் எழுந்த கேள்வி

மகாபாரதத்தின் அஸ்தினாபுர அரசவையைத் தொண்டை மண்டலத்துக் கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூத்தில் பார்த்து வந்திருக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துகிலுரியும் இரவு முக்கியமானது. தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்று பாஞ்சாலி சபையைப் பார்த்துக் கேட்கிறாள். பெரியவர்கள் தலைகுனிகிறார்கள். கட்டியங்காரன் இடையிடையே பகடி பேசி மக்களைக் கதைக்கு வெளியே இழுத்து யோசிக்க வைக்கிறான்.

இந்த மரபு பிற்கால அரங்குக்கு இரண்டை விட்டுச் சென்றது. ஒன்று, அநீதிக்குள்ளான பெண் பொதுச்சபையில் கேள்வி கேட்கும் வடிவம். மற்றொன்று, அக்கேள்வியை ஆண் நடிகரே பெண் வேடமிட்டுக் கேட்ட நிலை. பாஞ்சாலியின் குரல் ஊரெங்கும் ஒலித்தது. ஆனால் பெண்கள் பந்தலுக்குக் கீழே பார்வையாளராகவே இருந்தனர். பிற்காலப் பெண்ணிய அரங்கு முதலாவதை எடுத்துக்கொண்டது, இரண்டாவதை மாற்ற முயன்றது.

2. வீதிக்கு வந்த அரங்கு

இந்தியப் பெண்ணிய அரங்கின் தொடக்கத்தைப் பொதுவாக 1979ஆம் ஆண்டோடு இணைத்துச் சொல்வார்கள். அவ்வாண்டு டெல்லியில் ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் 'ஔரத்' நாடகமும் வரதட்சிணைச் சாவுகளைப் பேசிய 'ஓம் ஸ்வாஹா' நாடகமும் வந்தன. இரண்டும் கல்லூரி வாசல்கள், தெருமுனைகள், தொழிற்பேட்டைகள் என மக்கள் இருக்கும் இடம் தேடிப் போனவை. மேடை, திரை, ஒப்பனை எதுவும் தேவைப்படாத இந்த வடிவம் மாணவர்களுக்கு வாகாக இருந்தது.

தமிழகத்திலும் அதே காலகட்டத்தில் நவீன நாடக இயக்கம் வேர் பிடித்தது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சி முகாமும், 1980இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறையும் ஒரு தலைமுறையை உருவாக்கின. 1984இல் சென்னைக் கலைக்குழு தோன்றியது. பின்னர் அறிவொளி இயக்கமும் அறிவியல் இயக்கமும் கலாஜாதாக்கள் எனப்பட்ட ஊர் ஊரான கலைப்பயணங்கள் வழியாக வீதி நாடகத்தைச் சிற்றூர்களுக்குக் கொண்டுபோயின. இந்தக் குழுக்களில் கல்லூரி மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் கணிசமாக இருந்தனர். எனினும் நாடகம் கல்லூரிக்கு உள்ளே பாடமாகப் பெரிதும் நுழையவில்லை. வெளியே இயக்கமாகவே வளர்ந்தது. யாழ்ப்பாணத்தின் கதை வேறு.

3. யாழ்ப்பாணம்: தாயின் புலம்பலும் மாணவியின் மறைவும்

1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி யாழ்ப்பாணத்தில் முறையான நடிப்புப் பயிற்சிக்கு அடித்தளமிட்டது. பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பட்டப்படிப்பின் பாடமானது. இதனால் யாழ் மாணவர் அரங்குக்குப் பயிற்சி, பிரதி, நெறியாளர், தொடர்ச்சி ஆகிய நான்கும் ஒருங்கே கிடைத்தன.

1985இல் சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆற்றுகை செய்த 'மண் சுமந்த மேனியர்' இதன் முதற் பெரும் விளைச்சல். பல்கலைக்கழகத்தின் கைலாசபதி அரங்கோடு நின்றுவிடாமல் அது கிராமங்களுக்கும் போனது. தனிப் பாத்திரங்களைக் காட்டிலும் குழுவாக ஒலிக்கும் குரலும் பாடலும் உடலசைவும் அதில் மேலோங்கின. போரின் உளப் பாதிப்பைப் பேசிய 'அன்னை இட்ட தீ' (1991), பிள்ளைகள் புலம்பெயர்ந்தபின் தனித்துவிடப்பட்ட முதியோரைப் பேசிய 'எந்தையும் தாயும்' (1992) ஆகியவை அந்த வழியில் தொடர்ந்தன.

இந்த அரங்கில் தாய் மையமானவள். அதற்குச் சமூகக் காரணம் உண்டு. கைதான இளைஞர்களை விடுவிக்கக் கோரி 1984இலேயே யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி அரசாங்க அதிபர் செயலகம் நோக்கி ஊர்வலம் போயிருந்தது. வீதியில் அழுது கேட்ட தாயே மேடைக்கும் வந்தாள். ஆனால் அவள் தேடியது பெரும்பாலும் மகனை. பெண் இங்கே தேடுபவள், காத்திருப்பவள், அழுபவள். தேடப்படுபவளாக அவள் இன்னும் வரவில்லை.

அந்த இடைவெளியை வேறொரு தலைமுறை நிரப்ப முனைந்தது. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுப்பு அதன் அடையாளம். அத்தலைமுறைக் கவிஞர்களில் ஒருவர் செல்வி எனப்பட்ட செல்வநிதி தியாகராஜா. வவுனியா மாவட்டத்துச் சேமமடுவைச் சேர்ந்த அவர் யாழ் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்ற மாணவி. 'தோழி' என்ற பெண்ணிய இதழை நடத்தினார். சீதனம் பற்றி ஒன்றும் பாலியல் வன்முறை பற்றி ஒன்றுமாக இரு நாடகங்களை உருவாக்கினார். 1991 ஆகஸ்ட் 30 அன்று விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றனர். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பென் அமைப்பு எழுத்துரிமைக்கான விருதை அவருக்கு அறிவித்தது. விருதைப் பெற அவர் திரும்பவில்லை. அவர் கொல்லப்பட்டுவிட்டார் என்பது பல ஆண்டுகள் கழித்தே ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்நிகழ்வு தமிழ் மாணவர் அரங்கின் வரலாற்றில் ஒரு முறிவு. பெண்களின் கதையை மேடையில் சொன்ன மாணவியே காணாமல் போனார். அவரைப் பற்றி அதே வளாகத்தில் நாடகம் போடும் சூழல் அன்று இல்லை. அரசு பிடித்துச் சென்ற மகனுக்காகத் தாய் மேடையில் அழ முடிந்தது. ஊருக்குள் அதிகாரம் செலுத்திய இயக்கம் பிடித்துச் சென்ற மாணவிக்காக அழ முடியவில்லை. பறித்தவர் யார் என்பதைப் பொறுத்தே அரங்கின் துணிவு அமைந்தது என்ற கசப்பான உண்மையை ஆய்வாளர் தவிர்க்க முடியாது. செல்வியின் நினைவை மேடையை விடக் கவிதையும் சிற்றிதழுமே காத்தன.

செல்வி மறைந்த ஐந்து ஆண்டுகளில் இன்னொரு மாணவியும் மறைந்தார். 1996 செப்டம்பரில் தேர்வு எழுதிவிட்டு வீடு திரும்பிய பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசாமி செம்மணிச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினரால் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கூடக் கொல்லப்பட்டனர். 1998இல் வந்த தீர்ப்பின்போது குற்றவாளி ஒருவர் செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டதாக வெளிப்படுத்தினார். ஒரு மாணவியைப் பற்றிய விடாப்பிடியான கேள்விதான் அப்புதைகுழியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

4. உசிலம்பட்டி முதல் தருமபுரி வரை

பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் பெண்கள் மறைந்தது வீட்டுக்குள். 1980களின் நடுவில் உசிலம்பட்டி வட்டாரப் பெண் சிசுக்கொலை இதழ்களில் வெளியாகி நாட்டை உலுக்கியது. 1990 டிசம்பரில் அமர்த்திய சென் உலகில் 10 கோடிக்கு மேற்பட்ட பெண்கள் 'காணவில்லை' என எழுதியபோது உசிலம்பட்டி தனிச் சம்பவமல்ல என்பது விளங்கியது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

1993இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் 'வாய்சிங் சைலன்ஸ்' என்ற பெண்ணிய அரங்கத் திட்டம் தொடங்கியது. இதை வழிநடத்திய அ. மங்கை, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அக்குழுவின் 'பச்ச மண்ணு' பெண் சிசுக்கொலையை எடுத்துக்கொண்டது. பிறந்தவுடன் இறந்த குழந்தைக்குப் பேச்சு கிடையாது, பெயர் கூடக் கிடையாது. அவளை எப்படி மேடையேற்றுவது? பெண்ணின் வாழ்வைத் தொடரும் சடங்குகளை, சீர்வரிசைகளை நாடகம் வரிசைப்படுத்தியது. ஒவ்வொரு சடங்கும் குடும்பத்துக்கு ஒரு செலவு, ஒரு சுமை. பெண் குழந்தையைச் 'செலவு' என்று எண்ண வைக்கும் கணக்கு அப்படியே கண்முன் விரிந்தது. கொலை செய்தவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதைக் காட்டிலும், அவளை அந்த இடத்துக்குத் தள்ளிய ஊரைக் கேள்வி கேட்பதே நோக்கமாக இருந்தது.

தொண்ணூறுகளின் இறுதியில் தருமபுரி மாவட்டத்தில் டென்மார்க் அரசின் உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டம் கலாஜாதாவை ஊர் ஊராக அனுப்பியது. உள்ளூர் இளைஞர்களும் இளம்பெண்களும் பயிற்சி பெற்று நடித்தனர். நாடகக் குழு போனபின் கிராமச் செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் அங்கேயே இருந்தனர். கருவுற்ற தாய்மாரைத் தொடர்ந்து சந்தித்தனர்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் 1000 ஆண்களுக்குத் தருமபுரியில் 826 பெண்களே இருந்தனர், சேலத்தில் 851. 2011இல் தருமபுரி 910ஐத் தாண்டியது. அந்த ஏற்றத்துக்கு நாடகம் மட்டும் காரணமல்ல. தொட்டில் திட்டம், காவல்துறை வழக்குகள், செவிலியர் கண்காணிப்பு, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாம் சேர்ந்தே வேலை செய்தன. மறுபக்கம், மாநில விகிதம் 942இலிருந்து 943 ஆக மட்டுமே நகர்ந்தது. முன்பு பேசப்படாத கடலூர் 896க்கும் அரியலூர் 897க்கும் இறங்கின. ஸ்கேன் எந்திரம் வந்தபின் கொலை வீட்டின் பின்கட்டிலிருந்து மருத்துவக் கூடத்துக்கு இடம் மாறியது. நாடகம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. கடலூருக்கென்று ஒரு புதிய 'பச்ச மண்ணு' தேவைப்பட்டது.

5. ஆவணத்திலிருந்து எழுந்த குரல்

மூன்றாம் கட்டத்தில் அரங்கு வரலாற்றுக்குத் திரும்பியது. மங்கையின் குழுவுக்குக் கவிஞர் இன்குலாப் எழுதிய 'ஔவை', மூதாட்டியாக மட்டும் நினைவில் நின்ற புலவரை இளமையோடும் பாணர் வாழ்வோடும் மீட்டது. வ. கீதா எழுதி மங்கை இயக்கிய 'காலக்கனவு', இருபதாம் நூற்றாண்டுப் பெண்களின் கட்டுரைகள், உரைகள், கடிதங்கள் ஆகியவற்றையே வசனமாக்கியது. எழுதி வைத்துவிட்டு மறக்கப்பட்ட பெண்களும் ஒருவகையில் காணாமல் போனவர்களே என்பது அதன் வாதம்.

சாதியின் கேள்வியை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் கே.ஏ. குணசேகரன் எழுதிய 'பலி ஆடுகள்' நாடகத்தில் தலித் ஆணுக்குக் குறிக்கப்பட்ட பலி கடைசியில் தலித் பெண்ணின் மேல் விழுகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சொல்லும் நியாயம் இதுவே: இனத்தின் பெயரால் நடக்கும் போராட்டத்திலும் பெண்ணின் பெயர் கடைசியில்தான் வருகிறது.

6. சென்னையின் தெற்குப் புறநகர்க் கல்லூரிகளின் இன்றைய அரங்கு

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தபின் இப்பகுதி மாணவர் நகரமாக வளர்ந்தது. இன்று பல்லாவரம் முதல் செங்கல்பட்டு வரை கலை, பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் நெருங்கி நிற்கின்றன. மாணவர் நாடகமும் இல்லாமல் இல்லை. 'கல்ச்சுரல்ஸ்' எனப்படும் கலைவிழாப் போட்டிகளில் ஸ்கிட், மைம், வீதி நாடகம் ஆகியவற்றில் பெண்கள் மீதான வன்முறை தவறாமல் வரும் பொருள். ஆனால் அந்தப் போட்டி நேரத்தையும் மதிப்பெண்ணையும் கணக்கிடும். பதினைந்து நிமிடத்தில் கொடுமை, அழுகை, மெழுகுவர்த்தி, கைதட்டல். பிரதி எழுதி வைக்கப்படுவதில்லை. மூன்றாண்டில் நடிகர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள்; அடுத்த அணி முதலிலிருந்து தொடங்கும். மேடையில் வரும் பெண்ணுக்குப் பெயரும் ஊரும் இருப்பதில்லை.

இதற்கு மாறாக, யாழ்ப்பாணத்தில் பாடத்திட்டமும், தருமபுரியில் சுகாதாரத் துறையும் அரங்குக்கு முதுகெலும்பாக நின்றன. அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சியில் பறிக்கப்பட்ட பேரக் குழந்தைகளைத் தேடிய பாட்டிமாருடன் நாடகக்காரர்கள் சேர்ந்து 2000இல் ஓர் அரங்க இயக்கத்தைத் தொடங்கினர். தம் பிறப்பில் ஐயம் கொண்ட இளைஞர்கள் பாட்டிமாரைத் தேடி வர அது தூண்டுகோலானது. காரணம், நாடகம் முடியும் இடத்தில் கதவு திறந்திருந்த ஓர் அலுவலகம் இருந்தது.

முடிவுரை

இந்த நாற்பதாண்டு வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, தமிழ் அரங்கு காணாமல் போன மகனுக்காக அழக் கற்ற பின்னரே, அதுவும் தயங்கித் தயங்கியே, காணாமல் போன மகளைத் தேடத் தொடங்கியது. இரண்டாவது, குரலற்றவளுக்குக் குரல் கொடுப்பதாகச் சொல்லும் நாடகத்தைக் காட்டிலும், அவளைக் குரலற்றவளாக்கிய கணக்கைத் திறந்து காட்டும் நாடகமே ஆழமாக வேலை செய்தது. மூன்றாவது, தொடர்ந்து இயங்கும் அமைப்பு இல்லாத இடத்தில் மிக நல்ல ஆற்றுகையும் ஒரு மாலையோடு முடிந்துபோனது.

செல்வி பிடித்துச் செல்லப்பட்ட ஆகஸ்ட் 30, 2011 முதல் ஐ.நா.வால் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் 2017 பிப்ரவரி முதல் தொடர்ந்து போராடி வருகிறார்கள். தாம்பரம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் நாடகக் குழுக்களும் ஆண்டுதோறும் அந்நாளில் போட்டியும் பரிசும் இல்லாத ஒரு நாடகத்தை, ஆவணம் தேடி எழுதி, பிரதியை நூலகத்தில் சேர்த்து, அடுத்த அணிக்குக் கைமாற்றிக் கொடுக்க முன்வர வேண்டும். அதற்குத் தேவை பெரிய நிதியல்ல. ஆண்டு தவறாத ஒரு தேதியும் அதைக் காக்கும் ஓர் ஆசிரியரும்.