காஞ்சனைக்குச் சிரித்த பிள்ளைகள்

போன தவணை, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை வாசித்துக் காட்டினோம். பதுளையில் அன்று மழையும் மூடுபனியும். பேய்க்கதைக்கு ஏற்ற நாள் என்று நினைத்தோம். வாசித்து முடித்ததும், "இவ்வளவுதானா சேர்?" என்றான் ஒரு மகன். வகுப்பே சிரித்தது.

அந்தக் கதை 1943இல் 'கலைமகள்' இதழில் வந்தது. வீட்டு வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், இரவில் எங்கிருந்தோ வரும் வாடை, மனைவியின் கழுத்தில் ஒரு துளி இரத்தம். அவ்வளவுதான் பயமுறுத்தல். வந்தவள் யார் என்று கதை கடைசிவரை சொல்வதில்லை. அன்றைய வாசகர்கள் பேய்க்கதை கேட்டு வளர்ந்தவர்கள். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். நாமும் லாம்பு வெளிச்சத்தில் உம்மும்மா சொன்ன ஜின் கதை கேட்டுத்தானே வளர்ந்தோம்! இன்றைய பிள்ளைக்குப் பேய் போனுக்குள்ளேயே வருகிறது, சத்தத்தோடும் முகத்தோடும். நிரப்பிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. பழைய பேய்க்கதைகள் வலுவிழப்பது இப்படித்தான் என்று நினைக்கிறோம்.

அடுத்த கிழமை அவரின் 'துன்பக்கேணி'யை எடுத்தோம். 1935இல் 'மணிக்கொடி'யில் வந்தது. இதில் பேயே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்து மருதி, பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். கங்காணி, துரை, லயம், நோய். பாதி வாசிக்கும்போதே வகுப்பு அடங்கிவிட்டது. தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை தலை குனிந்தபடியே இருந்தாள். மணி அடித்த பிறகு வந்து, "எங்கட அம்மாச்சியும் இப்பிடித்தான் சொல்லுவா சேர்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வாசித்தவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். 'துன்பக்கேணி' வந்த காலத்தில் அதை வாசித்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவில் இருந்த படித்தவர்கள். அவர்களுக்கு அது கடல் தாண்டிய துயரம். இன்று எங்கள் வகுப்பில் வாசிப்பவர்கள் மருதியோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கதைக்குப் பின்னால் நடந்ததும் இவர்களுக்குத் தெரியும். புதுமைப்பித்தன் இறந்த அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்த மலைகளில் உழைத்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மழை இரவில் இவர்கள் காது கொடுப்பது மோகினியின் கொலுசுச் சத்தத்துக்கு அல்ல, மண் இறங்கும் சத்தத்துக்கு.

பழைய பேய்க்கதைக்குப் பிள்ளைகள் சிரித்தால் கவலைப்படத் தேவையில்லை. துன்பக்கேணிக்கும் சிரிக்கும் ஒரு வகுப்பு வந்தால்தான் பயப்பட வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அம்மாச்சி, உம்மும்மா யாராவது இருந்தால், இந்த லீவில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேய்க்கதையில் தொடங்குவார்கள். எங்கே கொண்டுபோய் முடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.