ஒரு கோப்பையும் ஓர் இருக்கையும்

ஊரின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடிப் பழகியவர்கள் நாம். குடுமியான்மலைப் பாறையில் இசையே எழுத்தாகி நிற்கும் மாவட்டத்தினர்க்கு அது இயல்பே. எனினும் கல்லில் ஏறாத வரலாறும் ஒன்றுண்டு. தேநீர்க் கடையிலும் படிப்பகத்துத் திண்ணையிலும் கூடி அமர்ந்தோரின் வரலாறு அது. அவ்வகையில், நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலுள்ள ‘ஜூலியஸ்’ என்னும் மதுவிடுதியின் கதை, கூடிப் பேசுவதையே உயிர்ப்பாகக் கொண்ட இலக்கிய வட்டத்தார் அறியத் தக்கது.

மேற்குப் பத்தாம் தெருவின் முனையில் நிற்கும் அக்கட்டடம் 1826-இல் எழுந்தது. மளிகைக் கடையாக இருந்து, 19ஆம் நூற்றாண்டிலேயே மதுவிடுதி ஆயிற்று. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியபோது மறைவாக இயங்கியது. 1960-களில் தன்பால் ஈர்ப்புடைய ஆடவர் பலர் அங்கு வரலாயினர். வீட்டிலும் பணியிடத்திலும் தம்மை மறைத்து வாழ்ந்தோர்க்கு மாலை நேரத்து மங்கலான விளக்கொளியே புகலிடமாயிற்று.

அந்தப் புகலும் உறுதியானதன்று. தன்பால் ஈர்ப்புடையோர் கூடினாலே அதனை ஒழுங்கீனமான இடமாகக் கருதினர் மாநில மதுபான ஆணையத்தார். உரிமத்தை இழக்க அஞ்சிய விடுதிக்காரர்கள் வந்தவரை வெளியேற்றினர்.

1960-இல் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் உணவகத்தில் அமர்ந்து எழ மறுத்த அறப்போர் அப்போது நாடறிந்த செய்தி. அதனை வழிகாட்டியாகக் கொண்டு, மட்டசீன் சங்கத்தின் டிக் லீட்ச், கிரெய்க் ராட்வெல், ஜான் டிம்மன்ஸ் ஆகிய மூவர் 1966 ஏப்ரல் 21 அன்று செய்தியாளர்களுடன் புறப்பட்டனர். ராண்டி விக்கர் வழியில் சேர்ந்தார். வேறு விடுதிகளில் ஏறி இறங்கியபின் ஜூலியஸை அடைந்தனர். தாங்கள் இன்னார் என்று அறிவித்து மது கேட்டனர். பரிமாறுபவர் கோப்பையின் வாயைத் தம் உள்ளங்கையால் மூடினார். ஃபிரெட் மக்டாரா எடுத்த அந்த நிழற்படத்தில் கூச்சலில்லை, அடிதடியில்லை. ஒரு கை மட்டுமே உண்டு; விலக்கலின் முழு வரலாறும் அக்கையில் அடங்கியிருக்கிறது.

1967-இல் அண்டை மாநிலமான நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றம், இத்தகையோர் கூடுவது மட்டுமே உரிமத்தைப் பறிக்கக் காரணமாகாது எனத் தீர்ப்பளித்தது. 1969 ஜூன் 28 அன்று, ஜூலியஸுக்கு மிக அருகிலிருந்த ஸ்டோன்வால் விடுதியில் காவலர் புகுந்தபோது மக்கள் எதிர்த்து நின்றனர். உலகம் ஸ்டோன்வாலை நினைவில் வைத்தது. அதற்கு மூன்றாண்டு முன்னரே அமைதியாகக் கேட்கப்பட்ட கோப்பையைப் பலர் மறந்தனர்.

நம்மனையோர் கருதத் தக்க செய்தி மற்றொன்று. அந்நால்வருள் ஒருவரான ராட்வெல் 1967-இல் ஆஸ்கார் வைல்டின் பெயரால் ஒரு புத்தகக் கடை தொடங்கினார். மதுவின்றியும் கூடலாம், நூலை நடுவில் வைத்தும் ஒருவரையொருவர் அறியலாம் என்பது அவர் கண்ட வழி. அக்கடை 2009-இல் மூடப்பட்டது. விடுதியோ நிலைத்தது, 2022 டிசம்பரில் நியூயார்க் நகரம் அதனைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஒரு காலத்தில் ஒழுங்கீனம் எனப்பட்டது இன்று ஊரின் பெருமை!

நம் நாட்டில் 1860-இன் தண்டனைச் சட்டத்து 377ஆம் பிரிவு, ஒப்புதலோடு கூடும் வயதுவந்தோரைக் குற்றவாளிகளாக்கிய நிலை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், இத்தகையோரைக் காவல்துறை துன்புறுத்தலாகாது என வழிகாட்டியது. ஆயினும் சட்டம் விலகிய இடத்தில் இருக்கை தானே வந்துவிடுவதில்லை. நீதிமன்றம் கதவைத் திறக்கலாம். “வாருங்கள், அமருங்கள்” என்று சொல்ல வேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்களே.

பத்தாண்டு காணும் இவ்வட்டத்திலும், தன் கவிதையில் ‘அவன்’ என்னும் சொல்லை ‘அவள்’ என்று மாற்றிப் படிக்கும் இளங்கவிஞர் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கக் கூடும். அவர் எழுதியவாறே படிக்கும் நாள், நம் வட்டத்தின் வரலாற்றிலும் குறிக்கத் தக்க நாளாகும்.