பெட்டிக்குள் வந்த சிறுதேர்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், ஆண்பாற் பருவங்களுள் இறுதியாகச் சிறுதேர் உருட்டலை வைத்தனர். வீதியில் பெருந்தேர் ஓடிய நாட்டில் முற்றத்தில் சிறுதேர் ஓடியது இயல்பே. எந்தக் காலத்துக் குழந்தையும் தன் காலத்து ஊர்தியைச் சிறிதாக்கியே விளையாடுகிறது. ஆகவே, ஒரு சமுதாயத்தின் விளையாட்டு ஊர்திகளை உற்று நோக்கினால், அச்சமுதாயத்தின் ஆசைகளையும் அச்சங்களையும் ஓரளவு அறிந்துகொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சிறுவர்கள் கட்டி மகிழ்ந்த ‘ஹாட் ராட்’ மாதிரி வண்டிகளின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும். தொழிற்சாலை தந்த வடிவத்தை ஏற்க மறுத்த ஓர் இயக்கம், மற்றொரு தொழிற்சாலையின் அச்சில் வார்க்கப்பட்டுப் பெட்டியில் அடைபட்டுக் கடைக்கு வந்த விந்தை அவ்வரலாற்றில் அடங்கியுள்ளது.

ஹாட் ராட் என்பது, பழைய கார் ஒன்றை வாங்கி, வேகத்துக்கு இடையூறான பகுதிகளைக் கழற்றி எறிந்து, வலிமை மிக்க இயந்திரம் பொருத்தி, உரிமையாளரே தம் கையால் உருமாற்றிய வண்டியாகும். இதற்கு வழி வகுத்தவர் ஹென்றி ஃபோர்டு. அவருடைய ‘மாடல் டி’ கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியாயிற்று. பழைய கார்கள் மலிந்தன. ஏழை இளைஞனுக்கும் ஒன்று கிட்டிற்று. 1932ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட ‘வி-8’ இயந்திரத்தை எளியோரும் வாங்கத்தக்க காரில் பொருத்தியது. 65 குதிரைத்திறன் கொண்ட அந்த இயந்திரமும், அவ்வாண்டுக் காரின் கச்சிதமான உடலமைப்பும் இளைஞர்களை ஈர்த்தன. கலிபோர்னியாவின் தென்பகுதியில் மூரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகள் இருந்தன. மேசை போல் சமனான அந்நிலத்தில் அவர்கள் வேகத்தைச் சோதித்தனர். 1937இல் தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் அமைந்தது.

உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்களிடம் இயந்திர அறிவு மிகுந்திருந்தது. ஆனால், பந்தயம் ஏரிப்படுகையிலிருந்து நகர வீதிக்கு வந்தபோது விபத்துகளும் வந்தன. ஹாட் ராட் என்றாலே போக்கிரித்தனம் என்னும் எண்ணம் பரவியது. அவ்விழிசொல்லைப் போக்கும் முயற்சிகளும் உடன் எழுந்தன. 1948இல் ராபர்ட் பீட்டர்சன் ‘ஹாட் ராட்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி, பந்தயத்தை வீதியிலிருந்து பாதுகாப்பான களத்துக்கு மாற்றப் பாடுபட்டார்.

காரோட்டும் வயதை எட்டாத சிறுவனோ இவற்றையெல்லாம் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆசைக்கு வடிகால் ஏது? மாதிரி வண்டி செய்வது அமெரிக்காவில் முன்பே வேரூன்றிய கலைதான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஃபிஷர் பாடி பிரிவு, 1930இல் சிறுவர்க்கான கைவினைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கி, மாதிரி செய்யும் போட்டி நடத்தி, கல்வி உதவித்தொகை வழங்கியது. முதலில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியை அணுவணுவாகச் செய்ய வேண்டியிருந்தது. 1937 முதல் சிறுவர்கள் தாமே வரைந்த கார் மாதிரிகளும் ஏற்கப்பட்டன. 1947இல் வென்ற சக் ஜோர்டன் பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். எனினும், மரத்தைச் செதுக்கி உருவம் காண்பது சிலருக்கே கைவந்த கலை. பலருக்கும் அதன் கதவைத் திறந்தது பிளாஸ்டிக்.

1948இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் தோன்றிய ஏ.எம்.டி. நிறுவனம், கார் விற்பனையாளர்களுக்காகப் புதிய கார்களின் சிறு உருவங்களைச் செய்து கொடுத்தது. முதலில் அலுமினியத்திலும் பின்னர் பிளாஸ்டிக்கிலும் அவை வார்க்கப்பட்டன. அன்று பயன்பட்ட அசிட்டேட் வகைப் பிளாஸ்டிக் நாளடைவில் வளைந்து நெளிந்துவிடும். பின்னர் வந்த பாலிஸ்டைரீன் அக்குறையை நீக்கியது. அச்சுகளுக்கு ஏற்கனவே பெரும்பணம் செலவாகிவிட்டதால், அவற்றிலிருந்தே உறுப்புகளைத் தனித்தனியாக வார்த்துப் பெட்டியில் இட்டு விற்றால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. 1958இல் ‘ஒன்றில் மூன்று’ என்னும் பெட்டிகள் கடைக்கு வந்தன. ஒரே பெட்டிக்குள், கார் ஆலையிலிருந்து வந்தபடியே கட்டுவதற்கும், அழகுபடுத்திக் கட்டுவதற்கும், பந்தய வண்டியாகக் கட்டுவதற்கும் உரிய உறுப்புகள் இருந்தன. 1959இல் அந்நிறுவனம் 1932ஆம் ஆண்டு ஃபோர்டையே பெட்டிக்குள் கொண்டுவந்தது.

இப்பெட்டிகளின் தனிச்சிறப்பை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். விமானம், கப்பல் போன்றவற்றின் மாதிரிகளில் சிறுவனின் வெற்றி, மூலத்தை வழுவாமல் படியெடுப்பதில் இருந்தது. கார்ப் பெட்டியோ மூன்று விடைகளைத் தந்து, நான்காவதை நீயே காண் என்று தூண்டியது. ஒரு பெட்டியின் இயந்திரத்தை மற்றொன்றில் ஏற்றலாம். எஞ்சிய உறுப்புகளை அடுத்த வண்டிக்குச் சேமிக்கலாம். ஒவ்வொரு சிறுவனிடமும் இவ்வாறு சேர்ந்த உறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. உண்மையான ஹாட் ராட் கட்டுவோர் பழைய இரும்புக் கிடங்குகளில் செய்ததையே, அவன் தன் மேசையில் செய்தான்.

செய்முறையும் அவ்வாறே மெய்யானதை ஒத்திருந்தது. மாதிரிகள் பெரும்பாலும் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவின. மெய்யான 1932ஆம் ஆண்டு ஃபோர்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு 106 அங்குலம். மாதிரியில் அது நான்கேகால் அங்குலமாகும். மேற்கூரையை மூன்று அங்குலம் தாழ்த்த விரும்பும் பட்டறைக்காரர் தூண்களை அறுத்து எஃகை ஒட்டவைப்பார். சிறுவனோ நுண்ணிய ரம்பத்தால் மூன்று மில்லிமீட்டர் அறுத்தெடுப்பான். தூண்கள் சாய்ந்திருந்தால் தாழ்த்திய கூரை அவற்றோடு பொருந்தாது. கூரையையே பிளந்து நீட்ட வேண்டும். இக்கணக்கு எஃகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒன்றே. உடற்பகுதியை அடிச்சட்டத்தின் மேல் தாழ்த்தி அமர்த்துவதும், உடலின் நடுவே நீளவாக்கில் ஒரு பட்டையை அறுத்தெடுத்து மெலியச் செய்வதும் இவ்வாறே கற்கப்பட்டன. வெட்டிய இடத்தை நிரப்புப் பசையால் மூடி, நீர்த்தாளால் தேய்த்து, மெல்லிய படலங்களாக வண்ணம் பூசுவர். தையல் நூல் ஸ்பார்க் பிளக் கம்பியாயிற்று. உறுப்புகளைத் தாங்கி வந்த பிளாஸ்டிக் கொடியை மெழுகுவத்திச் சுடரில் காட்டி இழுத்தால் வானொலிக் கம்பி கிடைத்தது. பளபளக்கும் உறுப்புகளின் மேற்பூச்சைச் சுரண்டாமல் ஒட்டினால் பசை பிடிக்காது என்பதைப் பலரும் ஒரு வண்டியைக் கெடுத்த பின்னரே கற்றனர்.

1960களின் தொடக்கத்தில் இக்கலை உச்சத்தை எட்டியது. ஓக்லாந்துக் கண்காட்சியில் 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் முதற்பரிசு பெற்ற ‘அலா கார்ட்’ வண்டியை உருவாக்கியவர் ஜோர்ஜ் பாரிஸ். அவ்வண்டி 1961இல் ஏ.எம்.டி. பெட்டியாக வந்தது. கலிபோர்னியாவின் ரெவெல் நிறுவனம் எட் ராத் என்னும் விசித்திரக் கலைஞரை நாடியது. கண்ணாடியிழையால் உடல் செய்து, குமிழி போன்ற கூரை அமைத்து, சுக்கானுக்குப் பதில் ஒற்றை நெம்புகோலால் ஓட்டும் ‘பீட்னிக் பாண்டிட்’ வண்டியை அவர் 1961இல் படைத்தார். அவருடைய வண்டிகள் பெட்டிகளாக வந்தபோது பெட்டி ஒன்றுக்கு ஒரு சென்ட் உரிமைத்தொகை பேசப்பட்டது. அற்பமாகத் தோன்றும் அத்தொகை, 1963ஆம் ஆண்டில் மட்டும் 32,000 டாலராகத் திரண்டது. அதுவரை பெரியவர்களின் பழிச்சொல்லுக்கு ஆளாகியிருந்த பட்டறைக் கலைஞர், சிறுவர் உலகின் வீரராக உயர்ந்தார்.

மெய்யான வண்டியைப் பார்த்து மாதிரி செய்வதே முறை. அம்முறையும் ஒருமுறை தலைகீழாயிற்று. சிக்காகோவில் பிறந்த மோனோகிராம் நிறுவனம், டாம் டேனியல் வரைந்த ‘ரெட் பாரன்’ என்னும் கற்பனை வண்டியை 1968இல் மாதிரிப் பெட்டியாக வெளியிட்டது. ஜெர்மானியப் போர்வீரனின் தலைக்கவசமே அதன் கூரை! சிறுவர்கள் அதனை ஒட்டி முடித்த பிறகே, டெட்ராய்ட் நகரத்துச் சக் மில்லரின் பட்டறையில் முழு அளவில் மெய்யான ரெட் பாரன் பிறந்தது. சிறுதேர் பெருந்தேரை ஈன்றது எனலாம்.

எனினும், இவ்வரலாற்றுக்கு நிழற்பக்கமும் உண்டு. மாதிரிகளை ஒட்டிய பசை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு உறுப்புகளையும் ஒன்றாக்கும் இயல்புடையது. அதில் கலந்திருந்த டொலுவீன் என்னும் கரைப்பானின் ஆவியை மயக்கத்துக்காக முகரும் தீய பழக்கம் இளையோரிடையே பரவியது, உயிர்களும் பலியாயின. 1960களில் பல நகரங்களும் மாநிலங்களும் சிறுவர்க்குப் பசை விற்பதைக் கட்டுப்படுத்தின. அப்பத்தாண்டின் இறுதியில் பசையில் கடுகின் காரச்சத்துச் சேர்க்கப்பட்டது; முகர்ந்தவனின் மூக்கும் கண்ணும் எரிந்தன. சில வீடுகளில் ஒழுக்கப் பயிற்சியாகப் போற்றப்பட்ட பொழுதுபோக்கு, வேறு சில வீடுகளில் ஐயத்துக்குரியதாயிற்று. மெய்யான ஹாட் ராட் சுமந்த பழியின் ஒரு பகுதியை மாதிரியும் சுமக்க நேர்ந்தது.

இதனினும் ஆழமான இழப்பு ஒன்று தொழிற்சாலைக்குள்ளேயே அரங்கேறியது. ஆண்டுதோறும் புதிய கார் மாதிரிகள் வேண்டப்பட்டதால், சென்ற ஆண்டின் எஃகு அச்சையே வெட்டியும் திருத்தியும் அடுத்த ஆண்டுக்குப் பயன்படுத்தினர். 1970களில் வட்டப்பாதைப் பந்தய வண்டிகளுக்காகவும் பழைய அச்சுகள் வெட்டப்பட்டன. வெட்டிய அச்சு மீண்டும் பழைய வடிவைத் தராது. கோடிக்கணக்கான சிறுவர் கைகளுக்குப் போன வடிவங்கள் பல, பிறந்த இடத்திலேயே இவ்வாறு அழிந்தன. வணிகத்துக்கு நேற்றைய கார் வேண்டியதில்லை. ஆனால், 1932ஆம் ஆண்டு ஃபோர்டுக்கு அடுத்த ஆண்டு மாதிரி என்று ஒன்று தேவைப்படவில்லை. அது ஏற்கனவே பழையதாயிற்றே! அதனால், புதியவை மறைந்தொழிய, பழமையின் பெயரால் பெட்டிக்குள் வந்த அவ்வண்டி மீண்டும் மீண்டும் வெளிவந்தது. ரெவெல் நிறுவனமும் 1990களில் புதிய அச்சுகள் செய்து அதே காருக்கு மறுவாழ்வு தந்தது.

அழிந்த வடிவங்களை மீட்டவர்கள் தனியார்களே. எஞ்சியிருந்த ஒரு மாதிரியைச் சுற்றி இரப்பர் அச்சு எடுத்து, அதில் பிசினை ஊற்றி, ஒவ்வோர் உடலாக வார்த்தெடுத்தனர். பசை படிந்து உருக்குலைந்த பழைய வண்டியைக்கூட வாங்கி, வண்ணத்தைக் கரைத்து, பிரித்து, மறுபடியும் கட்டினர். பின்னாளில் முப்பரிமாண அச்சுக் கருவியும் அவர்கள் மேசைக்கு வந்தது. நிறுவனங்களோ கைமாறின. ஏ.எம்.டி. 1978இல் லெஸ்னி நிறுவனத்திடமும், 1980களின் தொடக்கத்தில் எர்ட்டல் நிறுவனத்திடமும் சென்றது. போட்டியாளர்களாக இருந்த ரெவெலும் மோனோகிராமும் 1986இல் ஒன்றாயின.

நிறுவனங்களின் ஏடுகளைவிட, ஒரு தலைமுறை சேர்த்துவைத்த உறுப்புப் பெட்டிகளே இக்கலையின் வரலாற்றை நம்பிக்கையோடு காத்தன. அவற்றைக் கட்டிய சிறுவர்களுள் மெய்யான காரை அறுத்து உருமாற்றும் வாய்ப்புப் பெற்றவர் சிலரே. ஆயினும், கையில் கிடைத்த பொருள் முடிந்த முடிவன்று, அதை அறுத்தும் சேர்த்தும் தன் கருத்துக்கு ஏற்ப ஆக்கலாம் என்னும் துணிவை அந்நான்கேகால் அங்குல அடிச்சட்டம் பலருக்கும் கற்பித்தது. உருட்டி விளையாடுவதற்கென்று தேர் செய்து தந்த காலம் ஒன்று. தேரைத் தானே செய்துகொள் என்று உறுப்புகளைக் கையில் கொடுத்த காலம் மற்றொன்று. அவ்வுறுப்புகளோடு ஒரு சிறு ரம்பத்தையும் சிறுவன் தேடிக்கொண்டானே, ஹாட் ராட் மாதிரியின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.