கிளென் கூல்ட்

கிளென் ஹெர்பர்ட் கூல்ட் (25.9.1932 – 4.10.1982) கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்து அங்கேயே மறைந்த பியானோக் கலைஞர், வானொலிப் படைப்பாளர், கட்டுரையாளர். யோஹான் செபாஸ்டியன் பாக்கின் இசையை வாசித்த விதத்துக்காக உலகெங்கும் பேசப்பட்டவர். புகழ் உச்சியில் இருந்தபோது, 31ஆம் வயதில், மேடைக் கச்சேரியை அடியோடு விட்டார். மீதி வாழ்நாள் முழுவதும் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாசித்தார்.

கோடையிலும் கம்பளிக் கோட்டு, கையுறை, மஃப்ளர். வாசிக்கும்போது வாய்விட்டு முனகல். போகுமிடமெல்லாம் கூடவே வரும் ஒரு மடக்கு நாற்காலி. இவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் இந்தக் கதைகளோடு நின்றுவிட்டார்கள். கதைகள் பொய்யல்ல. ஆனால் கிறுக்கு என்று தோன்றுவதில் பாதி, வேலையோடு ஒட்டியது. மீதிப் பாதி வெறும் பயம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அவரது வாசிப்பை விளங்கிக்கொள்வது கடினம்.

நாற்காலியும் விரலும்

தந்தை மென்மயிர்த் தோலாடை வணிகர். தாய் இசை ஆசிரியை. முதல் குருவும் அவரே. வாசிக்கும் ஒவ்வொரு வரியையும் கூடவே பாடச் சொல்லித்தான் மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் இசைத்தட்டுகளில் ஒலிப்பதிவாளர்களை வாட்டிய முனகலுக்கு வேர் அங்கேதான் இருக்கவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே பிள்ளை இசைக்குறிப்பைப் படித்தது. ஒரு சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில் இன்னதென்று சொல்லும் காதும் மூன்று வயதிலேயே தெரிந்துவிட்டது.

பத்து வயதில் டொராண்டோ இசைக்கல்லூரியில் சிலி நாட்டிலிருந்து வந்த அல்பெர்ட்டோ கெரெரோவிடம் சேர்ந்தார். கெரெரோவின் பாடத்தில் ஒரு விசித்திரப் பயிற்சி உண்டு. வலக்கை விரல்கள் எந்த முயற்சியுமின்றிக் கட்டைகளின்மேல் கிடக்கும். இடக்கையால் ஒவ்வொரு விரலையும் மெல்லத் தட்டவேண்டும். தட்டிய விரல் கட்டையை அழுத்திவிட்டுத் தானாகவே மேலெழும். தோளோ முழங்கையோ இதில் வேலை செய்வதில்லை, நுனிவிரல்தான் எல்லாம். குருவும் தாழ உட்கார்ந்து வாசிப்பவர். சீடர் அதை இன்னும் தாழ்த்தினார்.

1953இல் தந்தை ஒரு சாதாரண மடக்கு நாற்காலியை எடுத்து, கால்களைச் சுமார் நான்கு அங்குலம் அறுத்தார். ஒவ்வொரு காலையும் தனித்தனியே ஏற்றி இறக்க அடியில் பித்தளைப் பட்டையும் திருகும் வைத்தார். இருக்கையின் உயரம் தரையிலிருந்து 14 அங்குலம்தான். வழக்கமான பியானோ இருக்கையில் உட்கார்ந்தவர் மேலிருந்து கட்டையை அடிப்பார். கூல்ட்டின் மணிக்கட்டோ கட்டைக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ நிற்கும். அவர் அடிக்கவில்லை, இழுத்தார். பாக்கின் இசையில் மூன்று நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் தனித்தனிப் பாதையில் நடக்கும். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துக் காட்ட இந்த விரல் மிகவும் உதவியது. பெடலை அவர் குறைவாகவே தொட்டார் என்பதால் ஒவ்வொரு சுரமும் முத்துப்போலத் தனியே விழுந்தது. இதற்கு ஒரு விலையும் உண்டு. தோளின் எடை இறங்காததால் பெரிய முழக்கம் எழாது. ஷோப்பானையும் ரக்மானினாஃபையும் அவர் ஏறத்தாழ ஒதுக்கியே வைத்ததற்கு ரசனை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

1955

11.1.1955 அன்று நியூயார்க் டவுன் ஹாலில், அந்நகரில் அவரது முதல் கச்சேரி. கைதட்டல் வாங்கித் தரும் உருப்படி ஒன்றும் நிரலில் இல்லை: கிப்பன்ஸ், ஸ்வீலிங்க், பாக், பீத்தோவன், பெர்க், வெபர்ன். கூட்டமும் பெரிதில்லை. ஆனால் அங்கே இருந்தவர்களில் ஒருவர் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் டேவிட் ஓப்பன்ஹைம். மறுநாளே ஒப்பந்தத்துக்கு அழைப்பு வந்தது.

முதல் இசைத்தட்டுக்கு கூல்ட் தேர்ந்தெடுத்தது பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். ஒரு பாட்டு, அதன் அடித்தளத்தின்மேல் 30 மாறுபாடுகள், முடிவில் மீண்டும் அதே பாட்டு. ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்ட இது அன்று புலமையாளர்களின் சொத்தாகவே கருதப்பட்டது. 22 வயது அறிமுகக் கலைஞருக்கு ஏற்றதல்ல என்பது பொதுக் கருத்து. அந்த ஜூன் மாதம், தேவாலயமாக இருந்து ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய 30ஆம் தெருக் கட்டடத்துக்குள் அவர் கோட்டும் மஃப்ளருமாக நுழைந்தார். கையில் துண்டுகளின் கட்டு, இரண்டு பெரிய பாட்டில் ஊற்று நீர், ஐந்து சிறு புட்டிகளில் மாத்திரை, கூடவே நாற்காலி. வாசிக்குமுன் முழங்கைவரை இரு கைகளையும் வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்தார். நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கு வேறென்ன வேண்டும்! 1956 தொடக்கத்தில் வெளிவந்த தட்டு 38 நிமிடச் சொச்சம் ஓடியது. மின்னல் வேகம், வேகத்திலும் ஒரு குரல் இன்னொன்றில் கலங்கவில்லை. தட்டு அமோகமாக விற்றது.

மேடை

1957இல் சோவியத் ஒன்றியம் சென்றார். மாஸ்கோவில் கச்சேரியின் முற்பாதிக்கு அரங்கு பாதி காலி. இடைவேளையில் கேட்டவர்கள் தெரிந்தவர்களையெல்லாம் தொலைபேசியில் அழைக்க, பிற்பாதிக்கு இடம் போதவில்லை. அந்நாட்டில் ஒதுக்கப்பட்டிருந்த, இசையமைப்பாளர் ஷோன்பெர்க் வழி வந்த நவீன இசையை மாணவர்கள் முன் வாசித்து விளக்கவும் செய்தார்.

6.4.1962 அன்று நியூயார்க்கில் பிராம்ஸின் முதல் பியானோ கன்செர்ட்டோ. கூல்ட் கேட்ட வேகம் மிக மந்தமானது. வாசிப்பு தொடங்குமுன் நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் சபையைப் பார்த்து, இந்தப் பாணியில் தமக்கு உடன்பாடில்லை, ஆனாலும் இவருடைய சிந்தனைக்கு மதிப்புக் கொடுத்து நடத்துகிறேன் என்ற பொருளில் பேசினார். பத்திரிகைகள் இதைச் சண்டையாக்கின. இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

கூல்ட்டின் கோபம் சபையின் மேல். கச்சேரியை அவர் கழைக்கூத்துக்குச் சமமாக நினைத்தார்: கலைஞர் எப்போது தவறுவார் என்று காத்திருக்கும் கூட்டம், திருத்தமுடியாத ஒரே வாய்ப்பு. 10.4.1964 லாஸ் ஏஞ்சலிஸ் நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டார். வாழ்நாளில் அவர் செய்த கச்சேரிகள் 200க்கும் குறைவு.

கத்தரியும் பசையும்

1966இல் எழுதிய ஒலிப்பதிவு பற்றிய நீண்ட கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். பாக்கின் ஏ மைனர் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்துத் தொடரும் வடிவம்) ஒன்றைப் பலமுறை பதிவு செய்ததில் ஆறாவதும் எட்டாவதும் தேறின. இரண்டிலும் தவறு இல்லை. ஆனால் ஒன்று தொடக்கம் முதல் முடிவுவரை விறைப்பு. மற்றொன்று முழுக்கத் துள்ளல். சில வாரம் கழித்துக் கேட்டபோது இரண்டுமே சலித்தன. வேகம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறாவதை வைத்து நடுவில் எட்டாவதை ஒட்டினார். எந்த மேடையிலும் யாராலும் வாசிக்கப்படாத ஒரு ஃபியூக் பிறந்தது. இதை மோசடி என்றவர்கள் உண்டு. திரைப்படத்தில் காட்சியை வெட்டி ஒட்டுவதை யாரும் மோசடி என்பதில்லை. கூல்ட்டின் பக்கமே நியாயம் என்று தோன்றுகிறது.

பியானோவையும் அவர் விடவில்லை. ஈட்டன் அங்காடியின் அரங்கில் 1960இல் கண்டெடுத்த ஸ்டீன்வே சி.டி. 318ஐக் கட்டை லேசாகத் தொட்டாலே பேசும்படி மாற்றியமைக்கச் செய்தார். சுருதி சேர்த்துப் பராமரித்த வெர்ன் எட்குவிஸ்ட் பார்வை மிகக் குறைந்தவர். அதீத மாற்றத்தால் நடுப்பகுதிக் கட்டைகள் சில நேரம் விக்கின. 1964இல் வந்த பாக் இன்வென்ஷன்ஸ் தட்டில் அந்த விக்கலைக் கேட்கலாம். 1971இல் சரக்குப் போக்குவரத்தில் கீழே விழுந்து அதன் இரும்புத் தகடு விரிசல் விட்டது. அதன்பின் பழைய குரல் திரும்பவில்லை.

கனடிய வானொலிக்காக 1967இல் செய்த, நாட்டின் வடபகுதி பற்றிய நிகழ்ச்சியில், பேசுபவர்களின் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டார். அடியில் ரயிலின் ஓசை தாளம்போல் தொடரும். பேச்சைக்கொண்டு எழுதிய ஃபியூக் என்றால் தகும். இதுவும் இதைத் தொடர்ந்த இரண்டும் சேர்ந்து தனிமை முப்படைப்பு எனப்படுகின்றன.

மோட்சார்ட் சீக்கிரம் இறக்கவில்லை, தாமதமாகவே இறந்தார் என்று சொல்லும் அளவுக்குக் கூல்ட்டுக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் மோட்சார்ட்டின் பியானோ சொனாட்டாக்கள் முழுவதையும் பதிவு செய்தார். அந்தத் தட்டுகளில் வாசிப்பைவிட வீம்பே மிகுதி.

பயம்

கைகுலுக்க அஞ்சினார், விமானத்தில் ஏறுவதை நிறுத்தினார், தம் ரத்த அழுத்தத்தை ஒரே நாளில் பலமுறை அளந்து குறித்தார். மாத்திரைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்தன. 1959இல் பியானோ நிறுவனத்தின் தொழில்நுட்பர் ஒருவர் தோளில் தட்டியதால் காயம் என்று வழக்குத் தொடுத்து, இழப்பீடும் பெற்றார். நண்பர்களோடு உறவு பெரும்பாலும் இரவுத் தொலைபேசியில்தான். 1977 வாக்கில் கைகள் சொன்னபடி கேட்காமல் போனதும், விரலசைவை நாளேட்டில் குறித்துக் குறித்துத் தாமே தம்மைச் சரிசெய்ய முயன்றார். இந்தப் பகுதியில் வேடிக்கை எதுவும் இல்லை.

இரண்டாவது கோல்ட்பெர்க்

1981 ஏப்ரல், மே மாதங்களில் அதே 30ஆம் தெருக் கூடத்தில், யமஹா பியானோவில், அதே இசையை மறுபடி வாசித்தார். இம்முறை 51 நிமிடம். தொடக்கப் பாட்டு அடிக்கு அடி நின்று நடக்கிறது. மாறுபாடுகள் ஒரே நாடித்துடிப்பில் கோக்கப்பட்டிருக்கின்றன. இளமைப் பதிவில் பியானோ வாசித்தது மிகுதி, யோசித்தது குறைவு என்பது அவர் கணிப்பு. கேட்பவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இரண்டாவதே மேல்.

தட்டு 1982 செப்டம்பரில் வெளிவந்தது. அம்மாதம் 27ஆம் தேதி, ஐம்பதாவது பிறந்தநாள் கழிந்து இரண்டு நாளில், பக்கவாதம் தாக்கியது. அக்டோபர் 4இல் இறந்தார். சொத்தின் பெரும்பகுதி சால்வேஷன் ஆர்மிக்கும் டொராண்டோவின் விலங்கு நலச் சங்கத்துக்கும் போயிற்று.

சி.டி. 318 பியானோ ஒட்டாவாவின் தேசியக் கலை மையத்தில் இருக்கிறது. நாற்காலியின் இருக்கை அவர் காலத்திலேயே கிழிந்துபோயிற்று. வேறு நாற்காலிக்கு அவர் மாறவில்லை. 1981இல் படமாக்கப்பட்ட கோல்ட்பெர்க்கில் அவர் உட்கார்ந்திருப்பது வெறும் மரச்சட்டத்தின்மேல்.