கழுத்தோரக் கட்டி

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவை அடுத்து அமைந்த ஊர் தோப்பூர். வயலும் கடலும் அதனை வாழ்விப்பன. மீனுணவு மிகுந்த கரையோரத்தில் கழலைக்கு இடமேது என்று கருதுவோர் பலர். கடலண்மை மட்டும் காப்பாகாது என்பதற்குக் களுத்துறையே சான்று. 1960களில் மகாதேவா முதலிய அறிஞர் ஆராய்ந்த கழலை வலயம் தென்மேற்கின் மழைவளமிக்க பகுதி. களுத்துறைக் கரையும் அதனுள் அடங்கும்.

ஆயினும் கழலை வேறு, புற்று வேறு. கழலை கழுத்தின் முன்புறத்தில் எவரும் காணத் திரண்டு நிற்கும். தைரொயிட் சுரப்பியில் மிகுதியாகத் தோன்றும் பாப்பிலரிப் புற்றோ கடுகளவில் மறைந்திருக்கும். சிலரிடத்து அதன் முதல் அடையாளம் சுரப்பியிலன்றிக் கழுத்தோரத்து நிணநீர்க் கணுவிலேயே வெளிப்படும். அவ்விடத்து வீக்கத்தை நம்மவர் கண்டமாலை என்றனர். காசநோய் மலிந்திருந்த நாட்களில் அப்பெயர் பெரும்பாலும் பொருந்தியும் வந்தது.

மேல்நாட்டாரின் பிழை இதனினும் விந்தையானது. அறுத்தெடுத்த கட்டியை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது தைரொயிட் இழையம் தென்பட்டது. கருவிலேயே இடந்தவறிப் போன சுரப்பித்துண்டு இது எனத் தீர்மானித்து, கட்டியை மட்டும் நீக்கி, மூலச் சுரப்பியைத் தொடாது விட்டனர். வந்த விருந்தினனை விரட்டிவிட்டு, அவன் புறப்பட்ட வீட்டை எவரும் தேடவில்லை. 1940களிலேதான் உண்மை துலங்கியது. கிளீவ்லாந்து நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் இளைய ஜோர்ஜ் கிரைல் 1947இல் எழுதிய கட்டுரை, இக்கட்டிகள் சுரப்பியின் புற்றிலிருந்து பரவியவையே என வற்புறுத்தியது.

இவருடைய தந்தை மூத்த கிரைல், 1906இல் கழுத்துக் கணுக்களோடு தசையையும் பெருநாளத்தையும் நரம்பையும் ஒருங்கே அகற்றும் முறையை வகுத்துப் புகழ் பெற்றவர். மகனோ, பாப்பிலரிப் புற்றுக்கு அத்துணைக் கொடிய அறுவை வேண்டியதில்லை என 1957இல் வாதாடினார். பிற்காலம் மகன் பக்கமே சாய்ந்தது.

எவரிடத்து இது கணுக்களுக்குப் பரவும்? ஆண்கள், இளவயதினர், ஒரு சென்டிமீற்றருக்கு மேற்பட்ட கட்டியுடையோர், ஒரே சுரப்பியில் பல புற்றுக்கள் உள்ளோர், சுரப்பியின் உறையைப் புற்று ஊடுருவியோர் ஆகியோரிடத்து வாய்ப்பு மிகுதி. வழக்கமாக முதலில் மூச்சுக்குழாயை அடுத்த கணுக்களும், பின்னர் பக்கக் கணுக்களும் தாக்குண்ணும். மேல்முனையிலுள்ள புற்று மட்டும் சிலவேளை நடுவிடத்தைத் தாண்டி நேரே பக்கத்துக்குச் செல்லும். இளைஞரிடத்துப் பரவல் கூடுதலாயினும் மரணம் அரிது. 55 வயதைக் கடந்தோரிடத்தே அது கவலைக்குரியது.

இக்கணிப்பு இன்று பெரிதும் வேண்டப்படுகிறது. இலங்கைப் பதிவேடுகளில் 2001க்கும் 2010க்கும் இடையே இந்நோயின் வீதம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. நுண்ணிய புற்றுக்கள் யாவும் வளர்வனவல்ல. 1985இல் பின்லாந்தில் பிரேதங்களை ஆராய்ந்தபோது மூன்றிலொரு பங்கினரிடத்து, உயிருடனிருக்கையில் அறியப்படாத பாப்பிலரிப் புற்று காணப்பட்டது. யப்பானின் கூமா வைத்தியசாலை 1993 முதல் ஒரு சென்டிமீற்றருக்குட்பட்ட புற்றுக்களில் ஆபத்துக் குறைந்தவற்றை அறுக்காமல் கண்காணித்து வருகிறது. அவர்களுள் மிகச் சிலரிடமே பின்னர் கணுப்பரவல் காணப்பட்டது. தொடக்கத்திலேயே கணு வீங்கியோர் அத்தொகுதியிற் சேர்க்கப்படுவதில்லை.

ஆகவே தோப்பூரிலிருந்து கழுத்தோரக் கட்டியோடு வரும் இளைஞனுக்குக் காசநோயை மட்டும் ஆராய்வது போதாது. ஒலியலைப் படத்தால் சுரப்பியையும் நோக்கி, கணுவில் மெல்லூசியிட்டுக் கலங்களை எடுத்துப் பார்த்தல் வேண்டும்.