அமுல்யா ரெட்டியின் மின்சாரக் கணக்கு

என்-ரோட்ஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் க்ளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் எம்ஐடி ஸ்லோன் பள்ளியும் வென்டானா சிஸ்டம்ஸும் சேர்ந்து செய்தது. 2019 டிசம்பரிலிருந்து யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். நிலக்கரிக்கு வரி, மின்சார வண்டி, மரம் நடுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ். அதை நகர்த்தினால் 2100-இல் பூமியின் சூடு எத்தனை டிகிரி ஏறியிருக்கும் என்று உடனே காட்டும். மரம் நடும் குமிழைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். சூடு அவ்வளவாக அசையாது. நம் மனசுதான் கொஞ்சம் வாடும் :-) கார்பனுக்குக் கனமாக விலை வைத்தால் கோடு வளைகிறது. மணிக்கணக்கில் பாடம் நடத்தினாலும் ஏறாத விஷயம் இரண்டு நிமிஷத்தில் ஏறிவிடும்.

இந்த வகை மாதிரிகளுக்கெல்லாம் பாட்டனார் எம்ஐடியின் ஜே ஃபாரஸ்டர். அவர் போட்ட அடித்தளத்தில்தான் 1972-இல் 'வளர்ச்சியின் எல்லைகள்' புத்தகம் வந்தது. அந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல ஆசை, நம்ம பெங்களூரில் நடந்த இன்னொரு கணக்கைப் பற்றி.

1987-இல் கர்நாடகத்தில் ஒரு அரசுக் குழு, மின் திட்டங்களுக்கான நீண்டகாலத் திட்டம் ஒன்றைக் கொடுத்தது. 2000-ஆம் ஆண்டில் மாநிலத்துக்கு 4,750 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும் என்றது அந்தக் கணக்கு. அதற்குப் பெரிய பெரிய அனல், அணு மின் நிலையங்கள் தேவை.

கடன் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கு நன்றாகத் தெரியும். போன வருஷ விற்பனை இவ்வளவு, வருஷா வருஷம் இத்தனை சதவீதம் வளரும், ஆகவே மெஷின் வாங்க இவ்வளவு கடன் கொடுங்கள் என்று பார்ட்டி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொண்டுவருவார். சரக்கை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று கேட்டால் முழிப்பார். நாம் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

அதைக் கேட்டவர் அமுல்யா ரெட்டி. பெங்களூரில் 1930-இல் பிறந்தவர், டாடா இன்ஸ்டிட்யூட் என்று பழைய ஆட்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். அடிப்படையில் மின்வேதியியல்காரர். பொக்ரிஸோடு சேர்ந்து அவர் எழுதிய பாடப்புத்தகம் உலகப் பிரசித்தம். ஆனால் 1974-இல் கிராமங்களுக்கான தொழில்நுட்பம் என்று 'அஸ்த்ரா'வை ஆரம்பித்து அந்தப் பக்கம் போய்விட்டார். தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமத்தில் சாண எரிவாயுவில் எஞ்சின் ஓட்டி விளக்கும் குடிதண்ணீரும் கொடுத்தது அவர் குழுதான்.

ரெட்டியும் அவர் குழுவினரும் போட்ட மாற்றுக் கணக்குக்கு டெஃபெண்டஸ் என்று பெயர். 1991 ஏப்ரலில் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வெளிவந்தது. சூத்திரம் ரொம்ப எளிது. ஒவ்வொரு வகை உபயோகத்துக்கும் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை யூனிட், இரண்டையும் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு. ஸ்ப்ரெட்ஷீட் தெரிந்த எந்த கிளார்க்கும் போட்டுவிடலாம். விஷயம் எங்கே என்றால், மக்களுக்கு வேண்டியது யூனிட் இல்லை; வெளிச்சம், வெந்நீர், வயலுக்குத் தண்ணீர். குண்டு பல்புக்குப் பதில் சிஎஃப்எல், ஹீட்டருக்குப் பதில் சோலார் வெந்நீர், பம்ப்செட்டில் உராய்வு குறைந்த குழாயும் ஃபுட் வால்வும் என்று மாற்றினால் அதே வசதி குறைந்த மின்சாரத்தில் கிடைக்கும். வரியை மாற்றினால் விடையும் மாறும். குமிழ் இல்லாத என்-ரோட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மின்சாரமே இல்லாத வீடுகளுக்கும் விளக்கு உண்டு என்று சேர்த்துக்கொண்ட பிறகும் வந்த விடை சுமார் 1,790 கோடி யூனிட். குழு சொன்னதில் 38 சதவீதம்! அதையும் மலிவான வழியிலிருந்து வரிசையாக எடுத்து நிரப்பினார்கள். சேமிப்பையும் ஒரு மின் நிலையம் போல அந்த வரிசையில் நிறுத்தியதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

2000 வந்தது. 4,750 கோடி யூனிட்டைக் கர்நாடகம் தொடவில்லை. அதற்காக ரெட்டி ஜெயித்துவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன், பவர் கட் அப்படியேதான் இருந்தது. மின் நிலையம் கட்ட காண்ட்ராக்டர் வருவார். பத்து லட்சம் பல்பு மாற்ற யார் வருவார்? பணம் பெரிய தொகையாக ஓரிடத்துக்குப் போனால் எங்கள் துறைக்கும் வசதி. சின்னச் சின்னதாகப் பிரிந்து போனால் ஃபைல்தான் பெருகும். விதிவிலக்கு உண்டு. 2003-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உதவியோடு கனரா வங்கியும் சிண்டிகேட் வங்கியும் இங்கே வீட்டு சோலார் விளக்குக்குக் கடன் கொடுத்தன. அந்த மாதிரி வேலையை ரெட்டி நிச்சயம் ரசித்திருப்பார். காக்ஸ் டவுனில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் இன்று சோலார் வெந்நீர்த் தொட்டி கண்ணில் படுகிறது. அவர் பிற்பாடு நடத்திய சர்வதேச எரிசக்தி முனைப்பு என்ற அமைப்பு இயங்கியதும் பக்கத்திலேயே, பென்சன் டவுனில். 2006 மே மாதம் காலமானார்.

இப்போது பெங்களூரில் சிஸ்டெப் என்ற ஆய்வு நிறுவனம் 'சஃபாரி' என்ற மாதிரியை வைத்திருக்கிறது (ஆப்பிள் கம்பெனி சமாச்சாரம் இல்லை!). சிஸ்டெப்பை 2005-இல் தொடங்கியவர் வி. எஸ். அருணாசலம். அந்த 'வி', சிதம்பரம் பக்கத்து வல்லம்படுகை. ஃபாரஸ்டர் பாணி மாதிரிதான், ஆனால் ஆரம்பம் வேறு. எல்லோருக்கும் வீடு, சாப்பாடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று முதலில் எழுதிக்கொள்கிறது. அதற்கு 2050 வரை எவ்வளவு சிமென்ட், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு புகை என்று பிறகு கேட்கிறது. இணையத்தில் நீங்களும் நகர்த்திப் பார்க்கலாம்.

உங்கள் பிள்ளைகளுக்கு என்-ரோட்ஸ் காட்டினால் அதோடு நிறுத்தாமல் இதையும் காட்டுங்கள். அங்கே மரக் குமிழ் இருக்கிறது. இருட்டாக இருக்கும் வீட்டுக்கு விளக்கு என்று ஒரு குமிழ் கிடையாது.