சீகன்பால்க் சேர்த்த ஏடுகள்

சிறையிலிருந்த பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவைத் தம்மிடம் வரவழைக்கும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் எடுத்துவருமாறு கேட்டுக்கொள்கிறார் (2 தீமோத்தேயு 4:13). தமது முடிவு நெருங்கிவிட்டதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் நூல்கள் அவருக்குத் தேவையாயிருந்தன. நூல்மீது கொண்ட இத்தகைய பற்றினைத் திருச்சபை வரலாற்றில் பலரிடம் காண்கிறோம். தமிழ்நாட்டில் அதற்குத் தலைசிறந்த சான்றாக விளங்குபவர் பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயர்.

1706 ஜூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவர் ஏறத்தாழ 24 வயதுடைய இளைஞர். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். இரண்டே ஆண்டுகளில் அவரது இல்லம் ஏட்டுச் சுவடிகளால் நிறைந்தது. காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை அவர் ஏடுகளை வாசிப்பார். முதிய புலவர் ஒருவர் அருகிலிருந்து பொருள் விளக்குவார். எழுத்தர் ஒருவர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகலில் மீண்டும் வாசிப்புத் தொடரும். இரவில் கண்கள் களைத்தபின், பிறர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்.

1708 ஆம் ஆண்டில் தம்மிடமிருந்த நூல்களுக்கு அவர் ஓர் அட்டவணை தொகுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ‘பிப்லியோத்தேக்கா மலபாரிக்கா’ என்பது அதன் பெயர். அதில் கிறிஸ்தவ நூல்களும் இஸ்லாமிய நூல்களும் உண்டு. ஆயினும் பெரும்பகுதி இந்நாட்டவர் இயற்றிய 119 தமிழ் நூல்களைப் பற்றியதே. திருக்குறளும் அங்கே இடம்பெறுகிறது. அந்த ஆண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தாம் மறுக்க வந்த சமயத்தின் நூல்களை இவ்வளவு ஆர்வத்தோடு தேடியதேன்? மறுப்பதற்காகவே தேடத் தொடங்கினார் எனலாம். ஆனால் வாசிக்க வாசிக்க, இம்மக்களின் அறிவையும் ஒழுக்க நெறியையும் ஐரோப்பியர் அறியவில்லையே என்னும் வருத்தம் அவர் எழுத்துகளில் மேலோங்குகிறது.

இந்த ஏடுகள் எவ்வாறு கிடைத்தன என்பதும் கருதத்தக்கது. தம்முடைய எழுத்தர்களைப் பல நாள் பயணத்தொலைவுக்கு அனுப்பி, காலமான பிராமணரின் கைம்பெண்களிடமிருந்து குறைந்த விலைக்கு ஏடுகளை அவர் வாங்குவித்தார். இதனைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் சற்றுத் தயங்குகிறது. என் ஊழியத்தின் தொடக்க நாள்களில், மறைந்த ஆயர் ஒருவரின் நூல்கள் அவர் இல்லத்து வாயிலில் பழைய தாள் வணிகரின் தராசில் ஏறுவதைக் கண்டேன். பக்க ஓரங்களில் அவர் தம் கையால் எழுதிய குறிப்புகள் இருந்தன. அவற்றுள் இரண்டு நூல்களை எடைக்குரிய விலை கொடுத்து வாங்கினேன்; மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். அவருடைய மனைவியார் கதவருகே நின்றிருந்தது பின்னரே என் நினைவில் உறுத்தியது. நூல் சேர்ப்பவரின் இன்பத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் இழப்பு இருக்கக்கூடும் என்பதை அன்று கற்றேன்.

1708 நவம்பரில் தரங்கம்பாடிக் கோட்டைத் தலைவர் சீகன்பால்கைச் சிறையிலிட்டார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் அடைபட்டிருந்தார். எழுதுகோலும் மையும் அவருக்கு மறுக்கப்பட்டன. விடுதலைபெற்றபின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 இல் முடித்தார். 1713 இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். அதனை அச்சிட அங்கே எவரும் முன்வரவில்லை. அஞ்ஞானத்தை அகற்றச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது பிராங்கேயின் கருத்து. அந்நூல் 1867 இல்தான் சென்னையில் அச்சேறியது.

1719 இல், தமது 36 ஆம் வயதில், சீகன்பால்க் மறைந்தார். அவர் தேடிச் சேர்த்த ஏடுகளுள் பெரும்பாலானவை இன்று இல்லை. ஓலைச்சுவடி கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் பொருள். உரிய காலத்தில் படியெடுப்பார் இல்லையெனில் அழிந்துபோகும். ஆனால் அட்டவணை அழியவில்லை. அதன் படியொன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. 2012 இல் வில் ஸ்வீட்மன், இலக்குவன் ஆகியோர் அதனை விரிவான ஆய்வோடு புதுச்சேரியிலிருந்து வெளியிட்டனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையில் மக்கள் எவற்றைப் பயின்றனர் என்பதை அதன்வழி அறிகிறோம்.

நூல்களை நேசிக்கும் ஆயர்களும் மாணவர்களும் இதனின்று கற்கவேண்டியது ஒன்றுண்டு. நம் அலமாரியில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு, நமக்குப்பின் அவை எந்த நூலகத்தைச் சேரவேண்டும் என்பதையும் எழுதிவைப்போம். நான் வாங்கிய அந்த இரு நூல்களின் முதற்பக்கத்தில் அந்த ஆயரின் பெயர் இன்னும் இருக்கிறது. அதன்கீழ் என் பெயரை எழுதவில்லை. அவை சென்று சேரவேண்டிய நூலகத்தின் பெயரை எழுதியுள்ளேன்.